பிளாஷ் அடித்தால் படத்தின் அடியில் கறுப்பு வளைவு: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் படம் பிரின்ட் போடுகிற ஒரு சின்னக் கடையில் பல வருடமாக இருக்கிறேன். சாமத்தியவீடு, கலியாணவீடு, பிறந்தநாள் என்று ஏதாவது முடிந்த கிழமையில் மெமரி கார்டோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். “அண்ணை, படத்துக்குக் கீழ வட்டமா கறுப்பு விழுது. லென்ஸ் பழுதாப் போச்சோ?”

லென்ஸ் பழுதில்லை. பெரும்பாலும் லென்சின் முன்னால் மாட்டியிருக்கும் ஹூட் என்கிற வளைய மறைப்பு, கமராவோடு சேர்ந்தே இருக்கிற பிளாஷின் (உள்பிளாஷின்) வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கழற்றினால் போய்விடும். ஆனால் பிளாஷ் அடிக்கும்போது வருகிற எல்லாக் கறுப்பும் ஹூட் நிழல் அல்ல. ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்து காசைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அறிகுறி அறிகுறியாகப் பிரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இது அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பகலில் நிலாவெளிக் கடற்கரையிலோ கோணேசர் கோயிலடியிலோ படம் எடுக்கும்போது வெயில் லென்சில் அடிக்காமல் இருக்க ஹூட் மாட்டுகிறோம். உப்புத் தூறல் கண்ணாடியில் படாமலும் அது ஓரளவு காக்கும். நல்ல பழக்கம்தான். அங்கே பிளாஷ் அடித்தாலும் வெயில் அதைவிடப் பலமாக இருப்பதால் நிழல் தெரியாது. பின்னேரம் வீட்டு விசேஷத்துக்கு அதே கமராவை அப்படியே தூக்கிக்கொண்டு போகிறோம். உள்ளே போனதும் பிளாஷ் தானாக எழும்புகிறது. ஹூட் கழற்றப்படவில்லை.

எனக்கே இது நடந்தது. அக்கா மகளின் சாமத்தியவீட்டில் நான்தான் படம் எடுத்தேன். ஆலாத்தி எடுக்கிற படம் முழுக்க, தட்டுகள் இருந்த இடத்தில் அரைவட்டக் கறுப்பு. அம்மம்மா முன்வரிசைக் கதிரையில் இருந்தார். முகம் தெளிவு. மடியில் இருந்த சின்னவன் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த கை மட்டும் இருட்டுக்குள் போயிருந்தது. கமராவின் சின்னத் திரையில் அன்று அது தெரியவில்லை; பிரின்ட் போட்டபோதுதான் தெரிந்தது. அந்த நாளைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் கீழே சொல்லும் சுவர்ச் சோதனையை விசேஷத்துக்கு முதல்நாளே செய்துவிடுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

முதலில் செய்யவேண்டியது: சுவர்ச் சோதனை

வெள்ளை அல்லது இளம் நிறச் சுவர் ஒன்று போதும். இரவில் லைட்டை மங்கலாக வைத்து, சுவரில் இருந்து ஒரு மீற்றரில் நில்லுங்கள். ஒரு மீற்றர் என்றால் ஒரு பெரிய எட்டுக்குச் சற்றுக் கூட. லென்சை முழு அகலத்தில் வையுங்கள். கமராவோடு வருகிற சாதாரண 18–55 (மில்லிமீற்றர்) லென்ஸ் என்றால், சூம் வளையத்தில் உள்ள 18 என்ற எண்ணில். பிளாஷைத் தூக்கி மூன்று படம் எடுங்கள்.

1. ஹூட்டோடு ஒன்று.
2. ஹூட்டைக் கழற்றி, அதே இடத்தில் ஒன்று.
3. பிளாஷை மூடி, ஹூட்டைத் திரும்ப மாட்டி ஒன்று.

முதல் படத்தில் கறுப்பு இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் குற்றம் ஹூட்டில். இரண்டிலும் இருந்தால் லென்சே மறைக்கிறது, அல்லது மிகவும் கிட்ட நிற்கிறீர்கள். மூன்றாவதிலும் இருந்தால் பிளாஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கறுப்பின் விளிம்பு வளைந்திருக்கிறதா, அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஒரு வித்தியாசம்தான் கமராவைத் திருத்தக் கொடுக்கவேண்டுமா இல்லையா என்று சொல்லும்.

அறிகுறி: படத்தின் அடியில், நடுவில், வளைந்த கறுப்பு

வருகிறவற்றில் மிகக் கூடுதலானது இதுதான்.

*ஹூட் மாட்டியிருக்கிறதா?* கழற்றுங்கள். திருப்பி மாட்டி வைப்பது கழற்றுவது ஆகாது. பைக்குள் வைக்கும்போது ஹூட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டி வைப்போம், அப்படியே படம் எடுப்பவர்களும் உண்டு. அப்போதும் லென்சைச் சுற்றி ஒரு வளையம் கூடுதலாகத்தான் நிற்கிறது. முழுதாகக் கழற்றிப் பையில் போடுங்கள். கனன், நிக்கோன் இரண்டின் கைந்நூலிலும் உள்பிளாஷ் பாவிக்கும்போது ஹூட்டைக் கழற்றச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கமராவுக்கு மட்டும் வந்த குறை என்று நினைக்கவேண்டாம்.

*கழற்றியும் கொஞ்சம் நிற்கிறதா?* இரண்டு மூன்று எட்டுப் பின்னால் போய், லென்சை 18இல் இருந்து 30, 35 பக்கம் கொண்டுவாருங்கள். படத்துக்குள் அதே ஆட்கள்தான் வருவார்கள், நிழல் சட்டத்துக்கு வெளியே இறங்கிவிடும். காசு செலவழித்து ஏதாவது வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். கனன் கைந்நூல் குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி நிற்கச் சொல்கிறது. அகலக் கோணத்தில், பெரிய லென்சோடு அது போதாது. 2 அல்லது 3 மீற்றர் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் போனால் வெளிச்சம் குறையும். இரண்டு மடங்கு தூரத்துக்கு நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, 100இல் இருந்து 400 ஆக்கினால் அந்த நாலு மடங்கு கிடைத்துவிடும். ஒரு கணக்கு: உள்பிளாஷின் பலத்தைக் கைந்நூலில் கைட் நம்பர் என்று போட்டிருப்பார்கள். அது 12 என்றால், ஐஎஸ்ஓ 100இலும் எஃப் 4 என்ற லென்ஸ் துவார அளவிலும் 3 மீற்றர் வரை வெளிச்சம் போகும். ஐஎஸ்ஓ 400இல் 6 மீற்றர். சிறிய கமராக்களில் கைட் நம்பர் 7, 9 என்றும் இருக்கும், அவற்றில் 800 வரை போகத் தயங்கவேண்டாம்.

*பில்டர், அடப்டர் ஏதாவது முன்னால் இருக்கிறதா?* கண்ணாடி கீறல் படாமல் இருக்க ஒரு பில்டர், அதற்கு மேல் இன்னொன்று என்று அடுக்கினால் லென்ஸ் அந்தளவுக்கு நீளும். மேலதிகமானதைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சுவரில் பாருங்கள்.

*லென்சே பெரிதா?* 18–105, 18–200 மாதிரி உடல் பருத்த லென்சுகள் ஹூட் இல்லாமலே அகலத்தில் நிழல் விழுத்தும். இதற்குத் திருத்தம் கிடையாது, தெரிந்து பாவிக்கவேண்டும். சுவருக்கு முன்னால் 18, 24, 35 என்று ஒவ்வொன்றாக எடுத்து, எந்த எண்ணில் நிழல் மறைகிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ஒரு துண்டில் எழுதி லென்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். நான் என்னுடையதில் “24, 2 மீ.” என்று ஒட்டி வைத்திருக்கிறேன். விசேஷ வீட்டுச் சத்தத்துக்குள் யோசிக்க நேரம் இருக்காது. மூடியைக் கழற்றும்போது அது கண்ணில் படும்.

*அறை சின்னது, பின்னால் போக இடமில்லையா?* பிளாஷை மூடிவிட்டு ஐஎஸ்ஓ 1600இல் முயன்று பாருங்கள். யன்னலையும் விறாந்தைக் கதவையும் திறந்தால் பகலில் அதுவே போதும். இல்லையென்றால் ஒரு வெள்ளை அட்டை, பழைய கலியாணக் கார்டின் அச்சில்லாத பக்கம் கூடப் போதும். அதைப் பிளாஷுக்கு முன்னால் சாய்வாகப் பிடித்து வெளிச்சத்தை மேலே திருப்புங்கள். முகட்டில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் லென்சைச் சுற்றிக்கொண்டு வருவதால் நிழல் விழாது. ஆனால் வெள்ளைத் தட்டு முகடும் உயரக் குறைவும் இருந்தால்தான் இது வாய்க்கும். ஓட்டு வீட்டில் வெளிச்சம் மேலே போய்த் தொலைந்துவிடும். பந்தலுக்கு நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் ஆட்களின் முகமெல்லாம் நீலமாக வரும்.

பிளாஷின் மேல் டிஷூ பேப்பர் சுற்றினால் நிழல் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. விளிம்பு கொஞ்சம் மங்கும், வெளிச்சமும் குறையும், ஆனால் வெளிச்சம் வருகிற இடம் மாறவில்லையே.

*அடிக்கடி உள்ளரங்கில் எடுக்கிறீர்களா?* அப்படியானால் மேலே மாட்டுகிற வெளிப்பிளாஷ் ஒன்று வாங்குவது நியாயம். அதன் தலை லென்சுக்கு நல்ல உயரத்தில் நிற்பதால் சாதாரண ஹூட்டுக்கு மேலாக வெளிச்சம் போய்விடும். தலையை முகட்டுப் பக்கம் திருப்பவும் முடியும். வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள் மட்டும் எடுப்பவருக்கு இது தேவையில்லை என்று நேராகவே சொல்லி அனுப்பியிருக்கிறேன். பழைய பிலிம் காலத்துப் பிளாஷ் யாராவது சும்மா தந்தால் உடனே மாட்டிவிடாதீர்கள். சிலவற்றின் மின்னழுத்தம் இன்றைய கமராவின் உள்சுற்றைக் கெடுத்துவிடும்.

அறிகுறி: நெடுக்காகப் பிடித்த படத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு

இதுவும் அதே நிழல்தான், கமரா சரிந்ததால் அதுவும் சரிந்திருக்கிறது. வலது கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்தால் பிளாஷ் இடப்பக்கம் வரும், நிழல் வலப்பக்கம் விழும். கைப்பிடியைக் கீழே விட்டால் எல்லாம் மறுபக்கம். ஹூட், தூரம், அகலம் என்று மேலே சொன்ன அதே வரிசையில் பாருங்கள். மணவறையில் மாப்பிள்ளை பொம்பிளையை நெடுக்காக எடுக்கும்போது இது எப்போதும் ஒருவருடைய தோளில்தான் போய் விழுகிறது. இருவரையும் படுக்கையாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது பத்திரம்.

அறிகுறி: நகை, சாப்பாடு, சின்னப் பொருள் எடுத்தால் பாதி இருட்டு

இணையத்தில் நகையோ கைவேலையோ விற்கிற பிள்ளைகள் இப்போது இதைத்தான் கூடுதலாகக் கொண்டுவருகிறார்கள். தாலிக்கொடியை மேசையில் வைத்து ஒரு சாண் தூரத்தில் எடுத்தால், பிளாஷ் வெளிச்சம் லென்சுக்கு மேலாலேயே போய்விடுகிறது. கொடியின் மேல்பாதி பளபளக்கும், தாலி இருக்கிற கீழ்பாதி கறுத்துப் போகும். நிக்கோன் தன் சிறிய கமராக்களின் உள்பிளாஷுக்குக் குறைந்த தூரம் 0.6 மீற்றர் என்று போட்டிருக்கிறது. அதற்குள் எதையும் எதிர்பார்க்கக்கூடாது.

பிளாஷை மூடுங்கள். மேசையை யன்னலடிக்குத் தள்ளி, நேர் வெயில் விழாத பக்கத்தில் பொருளை வையுங்கள். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிமிர்த்தி வைத்தால் அந்தப் பக்க இருட்டு தெளியும். கமரா ஆடாமல் இரண்டு புத்தகத்தின் மேல் வைத்து, இரண்டு செக்கன் டைமரில் எடுங்கள். தங்கம் பிளாஷில் வெள்ளையாகவே வரும். யன்னல் வெளிச்சத்தில்தான் தங்கமாகத் தெரியும். பிளாஷ் அவசியம்தான் என்றால், ஒரு மீற்றர் தள்ளி நின்று 55இல் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நாலு மூலையும் கறுப்பு, பிளாஷ் இல்லாமலும் கூட

மூன்றாவது சோதனைப் படத்திலும் கறுப்பு இருந்தால் இங்கே வாருங்கள். பூவிதழ் போல வெட்டிய ஹூட் என்றால் அது கோணலாகப் பூட்டியிருக்கும். நீண்ட இதழ்கள் மேலும் கீழும், குட்டை இதழ்கள் இடமும் வலமும் நிற்கவேண்டும். ‘டக்’ என்ற சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். அது சரியாக இருந்தால், வேறு லென்சின் ஹூட்டா என்று பாருங்கள். பூட்டுகிற அளவு பொருந்தினாலும் 50 லென்சுக்குச் செய்த ஹூட் 18இல் மூலையை மறைக்கும். கடைசியாக, அடுக்கிய பில்டர்.

அறிகுறி: கறுப்பின் விளிம்பு நேராக, ஓரத்தில் இருந்து ஓரம் வரை

வளைவே இல்லாமல் படத்தின் நீளப் பக்கத்தோடு பட்டையாக நின்றால் ஹூட்டைத் திட்டவேண்டாம். வெளிப்பிளாஷோ, தள்ளி வைத்த பிளாஷை அடிக்கவைக்கிற றிமோட் டிரிக்கரோ பாவிக்கிறீர்கள் என்றால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/320, 1/500 என்று இருந்தால் 1/160க்கு இறக்குங்கள், பட்டை போய்விடும். உள்பிளாஷோடு இது வரக்கூடாது. ஏனென்றால் பிளாஷ் எழும்பியதும் கமரா தானாகவே வேகத்தை 1/200 பக்கத்தில் மட்டுப்படுத்திவிடும். உள்பிளாஷில் நேர்ப்பட்டை வந்தால், அதுவும் சிலவேளை வந்து சிலவேளை வராமல் இருந்தால், ஷட்டர் திரை ஒழுங்காக ஓடவில்லை என்று சந்தேகியுங்கள். அதைக் கையால் தொடவே கூடாது. நேரே திருத்துபவரிடம்.

அறிகுறி: நடுவில் வெளிச்சம், ஓரமெல்லாம் மங்கல்

10–18 மாதிரி மிக அகலமான லென்ஸ் போட்டிருக்கிறீர்களா? உள்பிளாஷ்கள் ஏறத்தாழ 17, 18 வரைக்கும்தான் வெளிச்சத்தை விரிக்கும். அதைவிட அகலத்தில் ஓரம் இருட்டாகத்தான் இருக்கும். 18க்கு வாருங்கள்.

முன்வரிசை வெள்ளையடித்து, பின்வரிசை இருட்டானால் அது தூரப் பிரச்சினை. எல்லோரையும் ஒரே வரிசைக்கு நெருக்கி நிறுத்துங்கள்.

அறிகுறி: ஆளுக்குப் பின்னால் சுவரில் கறுப்பு உருவம்

ஹூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆளைச் சுவரில் இருந்து ஒன்றரை மீற்றராவது முன்னுக்குக் கூட்டிவாருங்கள்.

அறிகுறி: இருட்டில் போகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது

சில கமராக்களில், குறிப்பாக நிக்கோனில், போகஸுக்கு உதவுகிற சின்ன விளக்கு முன்பக்கத்தில் கைப்பிடிப் பக்கமாக இருக்கும். ஹூட் அதையும் மறைக்கும். நிழலுக்காக ஹூட்டைக் கழற்றினால் இதுவும் சேர்ந்து சரியாகிவிடுவதை நிறையத் தரம் கண்டிருக்கிறேன்.

அறிகுறி: பிளாஷ் எழும்பவே இல்லை, அல்லது அரைகுறையாக நிற்கிறது

அரைகுறையாக எழும்பிய பிளாஷ் தாழ்வாக நிற்பதால், ஹூட் இல்லாமலும் பெரிய நிழல் விழும். ஹூட் கழற்றி, 55இல், 3 மீற்றரில் எடுத்தும் வளைந்த நிழல் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சில புதிய கமராக்களில் பிளாஷ் தானாக எழும்பாது, விரலால்தான் தூக்கவேண்டும். முழுதாகத் தூக்கினீர்களா என்று பாருங்கள். அதன் பிறகு பிணைச்சலைப் பாருங்கள். இங்கே கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மண் எல்லா இடுக்கிலும் ஏறும். கடற்கரைக்குக் கொண்டுபோன கமராவில் உப்போடு சேர்ந்து இறுகிவிடும். கையால் அமுக்குகிற காற்றுப் பந்தால் ஊதி, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். எண்ணெய் போடாதீர்கள். தேங்காயெண்ணெய் போட்ட ஒரு கமரா வந்தது. மண் எண்ணெயில் ஊறிக் களியாகி, பிளாஷ் அசையவே இல்லை.

மண் இல்லை, ஆனாலும் எழும்பவில்லை என்றால் வெளிப்பிளாஷ் மாட்டுகிற தண்டவாளத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பல கமராக்களில் அதன் ஓரத்துக்குள் கடுகளவு சுவிட்ச் ஒன்று இருக்கும். அது அமுங்கியபடி சிக்கிவிட்டால், மேலே வெளிப்பிளாஷ் இருக்கிறது என்று கமரா நினைத்துக்கொண்டு உள்பிளாஷை எழுப்பாது. ஊதுங்கள். பிறகு ஒரு வெளிப்பிளாஷின் அடியையோ தண்டவாள மூடியையோ நாலைந்து தரம் மெதுவாக உள்ளே தள்ளி இழுங்கள். பலமுறை இதிலேயே சுவிட்ச் விடுபட்டுவிடும். குண்டூசி விட்டு நோண்டவேண்டாம்.

ஏற்கெனவே எடுத்த படங்களைக் காப்பாற்றலாமா?

ஓரளவுக்கு. கமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கிற றோ கோப்பாக எடுத்திருந்தால், அறை லைட் இருந்த படத்தில் நிழலுக்குள் விபரம் இன்னும் இருக்கும். கீழ்ப்பகுதியை மட்டும் மெதுவாக உயர்த்தலாம். ஜேபெக் என்றால் உயர்த்த உயர்த்தப் புள்ளி புள்ளியாக வரும். அப்போது கீழே வெட்டிவிடுவதுதான் நல்லது. 6க்கு 4 பிரின்டுக்குள் அடங்காவிட்டால் சதுரமாகப் போடச் சொல்லுங்கள். முழு உருவப் படம் அரை உருவப் படமாகிவிடும், ஆனால் முகங்கள் இருக்கும். கார்டை அழிக்கும் முன் கொண்டுவாருங்கள்.

எப்போது திருத்துபவரிடம் கொடுக்கவேண்டும்

உள்பிளாஷில் நேர்ப்பட்டை. பிளாஷ் கண்ணாடியின் பின்னால் கருகிய தழும்பும், அதனால் எல்லாப் படத்திலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கிற மங்கலும். ஊதியும் துடைத்தும் எழும்பாத அல்லது கோணலாக நிற்கிற பிளாஷ். எரிந்த மணம். கடல்நீரில் விழுந்த கமரா. இவற்றில் எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்கிற ஒன்று: பிளாஷ் உள்ள கமராவின் மேல்மூடியை வீட்டில் திறக்கவேண்டாம். உள்ளே ஒரு கப்பாசிற்றர் ஏறத்தாழ 300 வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பற்றரியைக் கழற்றிய பிறகும் அது இறங்காமல் இருக்கும். கைபேசி திருத்துகிற தம்பி கெட்டிக்காரனாக இருக்கலாம், ஆனால் கமராப் பிளாஷ் திறந்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். கம்பனியின் நேரடித் திருத்துமிடம் வேண்டும் என்றால் கொழும்புக்குத்தான் அனுப்பவேண்டி வரும். ஒருவழிக்கே கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர் போய்வருகிற பொருள், ஆகவே ஹூட் நிழலுக்காக அனுப்பிவிடாமல் மேலே உள்ளதெல்லாம் பார்த்து முடித்துவிட்டு அனுப்புங்கள்.

கொடுக்கும்போது “பிளாஷ் பழுது” என்று மட்டும் எழுதாமல், எந்த லென்ஸ், எந்த எண், எத்தனை மீற்றர், ஹூட் இருந்ததா என்று எழுதிக் கொடுங்கள். சுவரில் எடுத்த படங்களை அழிக்காமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கமரா திரும்பி வந்த அன்றிரவே அதே சுவரில், அதே தூரத்தில், அதே எண்ணில் ஒரு படம் எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.